ஊன்றுகோலின் இருபத்தொன்பது நோட்டுகள்

பெற்றவர்கள் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பதிப்பகத்தில் வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் பிழையம்மா. மெய்ப்புத் திருத்துவது அவள் வேலை. புத்தகம் அச்சுக்குப் போகுமுன் மாதிரியாக ஓட்டி எடுக்கிற தாள்களை மூலப் பிரதியோடு ஒப்பிட்டு, விட்டுப்போனதையும் மாறிப்போனதையும் சிவப்புப் பேனாவால் குறிக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் அதே நாற்காலி. கடைப் பலகையோ மருந்துச் சீட்டோ, அவள் கண் முதலில் போவது பிழைக்குத்தான். "இவளுக்கு மோட்சமே குடுத்தாலும் வாசல்ல எழுதியிருக்கறதத் திருத்திட்டுத்தான் உள்ள போவா" என்று பெரியவர் சொல்லிச் சிரிப்பார். பெரியவர் என்றால் முதலாளி.

அந்தப் பதிப்பகம் பிழைத்ததே ஒரு புத்தகத்தால். 'நாளும் ஒரு படி' என்று வருஷத்துக்கு ஒன்று. நாளைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு குட்டிக் கதை, சோர்ந்தவர்களைத் தட்டி எழுப்ப. வேலை போனவன், பரீட்சையில் தவறியவள், ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர் என்று எல்லோர் தலைமாட்டிலும் அது இருக்கும். எழுதியவர் பெயர் ஊன்றுகோல். படம் கிடையாது, முகவரி கிடையாது. யார் அவர் என்று கேட்கக் கூடாது என்பது பெரியவர் போட்ட சட்டம். கேட்ட இரண்டு பேர் வேலை போய் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கையெழுத்துப் பிரதியை ஒருவரும் பார்த்ததில்லை. பெரியவரே அறையைப் பூட்டிக்கொண்டு தட்டச்சு செய்து, அதைத்தான் கீழே அனுப்புவார்.

பிழையம்மா கேட்டதில்லை. அவளுக்குக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஊன்றுகோல் யார் என்று அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுக்காரர்தான்.

தெரிய வந்தது பதினோராவது வருஷப் புத்தகத்தின்போது. அச்சு இயந்திரம் போடுகிற கூச்சலில் மெய்ப்புப் படிக்க முடியவில்லை என்று அவள் மன்றாட, தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போகப் பெரியவர் அவளுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார். ஒரு சாயங்காலம் அவள் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். ஊருக்கெல்லாம் கடிதம் கொடுக்கிற தபால்காரனுக்கு ஒரு கடிதமும் வருவதில்லை, ஆகவே தனக்குத் தானே எழுதிப் போட்டுக்கொண்டான் என்று போகும். நல்ல கதை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் தாள்களைப் பிரித்தால், எழுபதாம் பக்கத்தில் அதே தபால்காரன், அதே கடிதம்.

"நேத்து நீங்க சொன்ன கதை இதுல வந்திருக்கே!" என்றாள்.

அவர் அவளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். "இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்" என்றார்.

அவர் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். மீதியையெல்லாம் அவளே நிரப்பிக்கொண்டாள். அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. குடிநீர் ஆபீஸில் குமாஸ்தாவாகக் கோப்பு கட்டுகிற மனிதர், ராத்திரி மூக்குக் கண்ணாடியைத் தேடி வீட்டையே கவிழ்க்கிற மனிதர், ஊரே தலைமாட்டில் வைத்துக்கொள்கிற ஊன்றுகோல்! அடுத்த வருஷம் அவர் வேலையை விட்டார். ரெண்டு குதிரையில் சவாரி செய்ய முடியாது என்றார். சரி என்றாள். இதற்குக் காசு வாங்கினால் சொல் செத்துப்போகும், அதனால் வாங்குவதில்லை என்றார். அதற்கும் சரி என்றாள்.

அன்றிலிருந்து முன்னறை அவருடையது. மேஜை, நீல மை, வருஷத்துக்கு ஒரு நீள நோட்டு. அவர் எழுதும்போது யாரும் பேசக் கூடாது, பாத்திரம் உரசக் கூடாது. நோட்டைத் தொடவே கூடாது. அவள் தொட்டதில்லை. ஒரு சம்பளத்தில் மூன்று பேர். சமையல், வேலை, வீடு, வாடகை கேட்டு வருகிறவரின் முறைப்பு எல்லாம் அவள் தலையில். சொந்தக்காரர்கள் அவருக்கு வெட்டி ஆபீசர் என்று பட்டம் கட்டினார்கள். அவள் அண்ணன் ஒருதடவை, "புருஷன் சும்மா இருக்காருன்னு சோர்ந்து போகாதே. ஊன்றுகோல் என்ன சொல்றாருன்னா..." என்று புத்தகத்தைப் பிரித்து அவளுக்கே படித்துக் காட்டினான். அவள் முந்திக்கொண்டு வந்த சிரிப்பை இருமி மறைத்தாள். பாவம், கழுத்து வலிக்கிற அளவுக்குப் பாரம் சுமந்தவளுக்கு அந்தச் சிரிப்புத்தான் சம்பளம்.

மகள் ஒருத்தி. மருந்தாளுநர் படிப்பில் சேர மார்க் இருந்தது, இடமும் கிடைத்தது. சேர முடியவில்லை. பதினேழு வயதில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிற இடத்தில் உட்கார்ந்தவள் முப்பது வயதிலும் அங்கேதான் இருக்கிறாள். அவளுக்கே பெயர் தெரிந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்க அவளைவிடச் சின்னப் பையன் ஒருவன் படித்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்கிறான். அதற்குப் பிறகு அப்பாவோடு அவள் நேராகப் பேசினதில்லை. சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் நகர்த்துவது பில்லை நகர்த்துவது மாதிரி இருக்கும். அம்மாவுக்கு வாய் வரை வரும், ரெண்டு பேரோட போகட்டும் என்று அவர் சொன்னது நினைவுக்கு வரும், விழுங்கிவிடுவாள்.

போன வருஷம், முப்பத்தொன்பதாவது புத்தகம் வந்த கையோடு, அவர் மார்வலியில் போய்ச் சேர்ந்தார். மூன்று மாதத்தில் பெரியவரும் போனார். நாற்பதாவதுக்குப் பிரதி வரவில்லை. எழுதினவர் போனார், எழுத்து நின்றது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று பிழையம்மா நினைத்தாள். போனது இரண்டு பேர் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

பெரியவர் மகன் சின்னவர், பொறுப்புக்கு வந்ததும் அப்பாவின் அறையைத் தலைகீழாகத் தேடினார். ஒரு துண்டுச் சீட்டு கிடைக்கவில்லை. கடைசியில் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தார். இதுவரை வந்ததில் பொறுக்கி நாற்பதாவது புத்தகம் வரும், அட்டையில் ஊன்றுகோலின் சொந்தப் பெயரும் படமும் இருக்கும், உரியவர்கள் ஆதாரத்தோடு வரலாம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார், தன்னுடைய போட்டோவை மட்டும் கொண்டுவந்தார். வெளிநாட்டிலிருக்கும் தம்பிதான் எழுதியவன் என்று ஒரு அம்மாள் வந்தாள், தம்பி எழுதின ஒரு பக்கமும் அவளிடம் இல்லை.

அதைக் கேள்விப்பட்ட ஞாயிற்றுக்கிழமைதான் பிழையம்மா மகளை உட்காரவைத்துச் சொன்னாள். மகள் முதலில் சிரித்தாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்தாள். இருபத்தொன்பது நோட்டு. மேலே இருந்ததைப் பிரித்தால், தபால்காரன். மகள் தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"எவ்ளோ பேசிட்டேன்மா நான் அவர" என்று அழுதாள். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ஒரு மாதமாக வீடே வேறு வீடு. மகள் அப்பா படத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டினாள். கடையில் பில் போடுகிற இடத்தில் பழைய 'நாளும் ஒரு படி' ஒன்று எப்போதும் இருந்தது. மருந்து வாங்க வருகிறவர்களிடம் "இது யாரு எழுதினதுன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்து, சொல்லாமல் நிறுத்திக்கொள்வாள். அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க, பட்ட பாட்டுக்கெல்லாம் பலன் வந்துவிட்டதுபோல இருந்தது.

நோட்டுகளை இரண்டு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பதிப்பகத்துக்கு வந்தார்கள். கனமான பையை மகள் அம்மாவிடம் கொடுக்கவில்லை.

சின்னவர் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். வருஷாவருஷம், வரிசையாக, ஒரே கையெழுத்து, அச்சில் வந்த அதே கதைகள். அவர் முகத்தில் ஒரு மாதமாக இருந்த கவலை இறங்கியது.

"நீங்க இங்கயே இருந்துக்கிட்டு... அப்பா எங்கிட்டகூட சொல்லல, பாருங்க. பிழையம்மா, இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? ஒரு நல்ல போட்டோ குடுங்க. போதும்." பிறகு மகளைப் பார்த்து, "நீங்க ஏதாவது ஒரு பக்கம் படிங்களேன். அவரு பொண்ணு வாயால கேக்கணும்" என்றார்.

மகள் கைக்கு வந்த நோட்டை எடுத்தாள். இருபத்திரண்டாவது வருஷத்து நோட்டு. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்.

"ஒரு பஸ் டிரைவர் இருந்தான். அவன் போகிற வழியில் ஒரு நீளப் பாலம். பாலத்தைக் கண்டாலே அவனுக்குக் கை நடுங்கும். தினமும் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் ஏறுவான். ஏறினவர்கள் திட்டாத நாளில்லை. இப்படியே மூன்று வருஷம். ஒருநாள் பக்கத்து வீட்டு நோயாளி சுவரைத் தட்டி, 'ஏன் நிறுத்திவிட்டீர்கள்? நீங்கள் தப்பும் தவறுமாக வாசிப்பதைக் கேட்டுத்தானே எனக்குப் பொழுது விடிகிறது' என்றார்."

மகளுக்குக் குரல் உடைந்தது. சின்னவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "என்ன ஆழம்! டிரைவருக்குள்ளயும் ஒரு சங்கீதம் இருக்குங்கறாரு. சட்டுனு பிடிபடாது."

பிழையம்மா மகள் பக்கம் கையை நீட்டினாள்.

"அதை இங்க குடு" என்றாள். நோட்டை வாங்கி நாலு பக்கம் தள்ளிப் புரட்டினாள். அவள் நினைத்தது அங்கே இருந்தது. ஒரு பெண் வயலின் கற்கிறாள், ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தப்புகிறது, வெறுத்துப்போய் விட்டுவிடுகிறாள். ஒருநாள் இறங்கி நடக்க மறந்துபோய் ஏறிவிட்டாள். பாலம் தாண்டின பிறகுதான் தாண்டினதே தெரிந்தது.

"ஃபைல் ரூம் சாவி குடுங்க தம்பி" என்றாள். இன்னும் ஆதாரம் எடுத்து வரப்போகிறாள் என்று சின்னவர் சந்தோஷமாகக் கொடுத்தார். அவள் நோட்டுகளையும் தூக்கிக்கொண்டு போனாள்.

திருத்தின மெய்ப்புத் தாள்களைப் பெரியவர் தூக்கிப் போட்டதில்லை. பின்னால் வம்பு வந்தால் யார் தப்பு என்று காட்ட வேண்டுமே. இருபத்திரண்டாவது வருஷக் கட்டை அவள் எடுத்தாள். அவளுக்கு அது மறக்கக்கூடிய பிழையா? அச்சுக்குப் பக்கம் கட்டினவர் இரண்டு கதைகளின் வால்களை இடம் மாற்றி ஒட்டிவிட்டார். அவள் கண்டுபிடித்தாள். பெரியவர் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, "இவ இல்லேன்னா நம்ம மானம் போயிருக்கும்" என்றார். தாளில் அவளுடைய சிவப்பு அம்புகள் இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. பக்கத்தில் அவள் கையெழுத்தில், 'முடிவுகள் மாறியுள்ளன'.

ஒருவேளை வீட்டுக்காரர் எழுதும்போதே மாற்றி எழுதியிருப்பாரோ? அப்படியாவது இருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. தாளோடு குத்தியிருந்த தட்டச்சுப் பிரதியைப் பார்த்தாள். அதில் டிரைவர் தன் பாலத்தைத் தானே தாண்டியிருந்தான், வயலின்காரிக்குச் சுவர் தட்டப்பட்டது. எல்லாம் சரியாக இருந்தது. அந்தப் பிழை ஒரு சனிக்கிழமை அச்சுக்கூடத்தில் பிறந்து, திங்கட்கிழமை அவள் பேனாவில் செத்தது. நடுவில் அது இருந்த இடம் ஒன்றுதான். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின அவளுடைய பை.

ஒன்றை வைத்து முடிவு கட்டுகிறவள் இல்லை அவள். பதினேழாவது வருஷத்துக் கட்டில் ஒரு வரி இரண்டு தடவை விழுந்து, அவள் அடித்திருந்தாள். அந்த வருஷத்து நோட்டைப் பார்த்தாள். நீல மையில் இரண்டு தடவை இருந்தது. முப்பத்தொன்றில் ஐந்து வரி விட்டுப்போய் அவள் ஓரத்தில் எழுதிச் சேர்த்திருந்தாள். நோட்டில் அந்த ஐந்து வரி இல்லை. ஒரு வாக்கியம் பாதியில் நின்று, சம்பந்தமே இல்லாத இன்னொன்று தொடங்கியது. திருடினதுதான் திருடினார், படித்தாவது பார்த்திருக்கக் கூடாதா? அந்த நேரத்தில் அவளுக்கு அதுதான் முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. இருபத்தொன்பது வருஷம். உரசாத பாத்திரம், இருமி மறைத்த சிரிப்பு, இழுத்துச் சாத்தின கதவு, கதவுக்குள்ளே ஒரு மனிதன் பெண்டாட்டி பையைத் திறந்து பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பார்த்து எழுதிக்கொண்டிருந்தது. பாவி மனுஷா என்று வாய்விட்டே சொன்னாள்.

திரும்பி வந்து சின்னவரின் மேஜையில் தாள்களையும் நோட்டுகளையும் பரப்பினாள். எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"இது அவரு எழுதினது இல்ல தம்பி. நான் வீட்டுக்குக் கொண்டுபோன தாளப் பாத்து எழுதினது."

அவள் விரல் வைத்த இடத்தையெல்லாம் சின்னவர் பார்த்தார். அவர் புத்திசாலி, சீக்கிரம் புரிந்தது. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அப்போ யாரு எழுதினது?"

"எனக்குத் தெரியாது. உங்க அப்பாவா இருக்கலாம். வேற யாராவதா இருக்கலாம்."

"சரி. தெரிஞ்சவங்க யாரும் உயிரோட இல்ல. இந்தத் தாளை உங்களத் தவிர யாரும் பாக்கப் போறதும் இல்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு அட்டைக்கு ஒரு பேரு வேணும் பிழையம்மா. உங்ககிட்ட ஒரு பேரு இருக்கு. யாருக்கு என்ன நஷ்டம்?"

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் இருந்தது கேள்வி இல்லை, கெஞ்சல். பிழையம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. தலையை ஆட்டினால் போதும். ஊருக்கு ஊன்றுகோல், அவளுக்குப் பட்டதற்கு ஒரு அர்த்தம், மகளுக்கு அப்பா. மூன்றும் கைக்கெட்டின தூரத்தில் இருந்தன.

"வேணாம் தம்பி" என்றாள். "தப்புன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் நான் எதையும் அச்சுக்கு விட்டதில்ல."

நோட்டுகளை அவளே பையில் அடுக்கினாள். மகள் கை கொடுக்கவில்லை.

பதிப்பகத்திலிருந்து பஸ் நிறுத்தம் மூன்று கடை தள்ளி. உச்சிவெயிலில் அங்கே யாரும் இல்லை. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், நடுவில் இரண்டு பைகள்.

"நீ வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்மா" என்றாள் மகள். "ஒரு மாசமா எனக்கு ஒரு அப்பா இருந்தாரு."

"எனக்கு இருபத்தொம்போது வருஷமா ஒரு புருஷன் இருந்தாரு."

"உனக்கென்ன, நீ ஏமாந்தே. என்னை ஏமாறவச்சது நீதான்."

சரியான கணக்கு. பிழையம்மாவால் அதில் ஒரு எழுத்தைத் திருத்த முடியவில்லை.

"அப்பா வேலைக்குப் போனா நான் படிக்கலாமேன்னு நீ கேட்டே, ஞாபகம் இருக்கா?" என்றாள் பிழையம்மா.

"நீ அறைஞ்சது ஞாபகம் இருக்கு."

"அவரு பெரிய வேலை செஞ்சிட்டிருக்காருன்னு நெனச்சு அறைஞ்சேன்."

"அப்போ அவரு எங்க இருந்தாரு?"

"முன்னறையில. கதவு தொறந்துதான் இருந்துச்சு."

"கேட்டிருக்கும் இல்ல?"

"கேட்டுச்சு. எந்திரிச்சு வாசப்படி வரைக்கும் வந்தாரு. நீ கன்னத்தப் பிடிச்சிட்டு நின்னே. பாத்தாரு. 'சத்தம் போடாதீங்க, எழுத்து கலையுது'ன்னாரு. நான் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்டி. அவர்கிட்ட. உன்கிட்ட கேக்கல."

பஸ் வந்து நின்றது. பிழையம்மா இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு எழுந்து, மகள் எழுந்திருப்பாள் என்று நின்றாள். மகள் அசையவில்லை.

"நீ போம்மா" என்றாள். "நான் அடுத்த பஸ்ல வரேன்."